ஞாயிற்றுக்கிழமை எதிரி

கல்யாணமாகி மாதுங்காவுக்கு வந்த மூன்றாவது மாதம் என் கணவர் என்னை ஹிட்டைட் அரசனாக்கினார்.

ஹிட்டைட் என்றால் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்துக்கு வடக்கே ஒரு பெரிய ராஜ்யம் இருந்தது, எகிப்தோடு ஓயாமல் சண்டை போட்டது என்று அவர் சொன்னார். எகிப்துப் படை அவருடையது. எதிரில் உட்கார ஒரு ஆள் வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் செய்துகொண்டவர். எனக்கு இருபத்தெட்டு, எங்கள் வீட்டில் அதற்கு மேல் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் அவர் செக்ஷன் தலைவர். அதற்கு முன் யுத்த காலத்தில் ராணுவ ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக எகிப்தில் இருந்திருக்கிறார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி நானும் இங்கே அதிகம் எழுதப்போவதில்லை.

விளையாட்டின் விதிகள் சீமையிலிருந்து வந்தவை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மேனேஜர் தட்டச்சு செய்த சில தாள்களையும் ஒரு டப்பா பகடையையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பொம்மைகளை இவரே தாராவி குயவர்களிடம் சொல்லிச் செய்துகொண்டார். கட்டைவிரல் உயரத்தில் ரதங்கள், வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள். கொலுவுக்குத்தான் இவ்வளவு சின்னதாகக் கேட்கிறார் என்று குயவர் நினைத்துக்கொண்டு, கூடவே ஒரு செட்டியார் பொம்மையையும் இனாமாகக் கொடுத்தாராம். எகிப்துக்குச் சிவப்பு, எனக்குப் பச்சை என்று இவர் வர்ணம் அடித்தார்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு டிரங்குப் பெட்டிகளின் மேல் ஒரு பெரிய பலகை ஏறும். அதுதான் சிரியா தேசம். குறுக்கே ஓடும் நதி, என் நீல ரவிக்கைத் துணியில் கிழித்த ஒரு பட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்தவுடன் சண்டை ஆரம்பிக்கும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் அடுத்த ஞாயிறுவரை பலகையை அசைக்கக் கூடாது. ஒரு வாரம் முழுக்கச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து சமையலறைக்குப் போவேன். பலகையைச் சுற்றித்தான் பெருக்க வேண்டும். படுக்கை விரிக்க வேறு இடம் கிடையாது. தலை சுவரோரம், கால் பலகைக்கு அடியில். சிரியாவுக்குக் கீழே கால் நீட்டித் தூங்கிய ஒரே மாதுங்காக்காரி நானாகத்தான் இருப்பேன்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமானதில்லை. ரதங்கள் காலாட்படை மேல் பாய்ந்தால், ஒரு ரதத்துக்கு ஒரு பகடை. ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரியில் ஒருவன் காலி. வில்லாளிகள் தூரத்திலிருந்து எய்தால் ஆறு விழ வேண்டும். ஒரு படையில் பாதிப் பேர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்று பார்க்க இன்னொரு பகடை. மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் ஓட்டம். அரசனின் ரதத்தை நாலு பக்கமும் சூழ்ந்துவிட்டால் அவன் தப்ப ஐந்து அல்லது ஆறு போட வேண்டும். எகிப்து அரசனுக்கு மட்டும் ஒரு சலுகை. சண்டைக்கு ஒரு முறை, விழுந்த எண் பிடிக்காவிட்டால் மறுபடி போடலாம். 'தெய்வ அருள்' என்று அதற்குப் பெயர். சீமைத் தாள்களில் அது இல்லை. இவர் சேர்த்தது.

என் படையைப் பற்றி எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. சீக்கிரம் தோற்றால் சீக்கிரம் எழுந்து போகலாம் என்று ஆரம்பத்தில் ரதங்களைக் கண்டபடி ஓட்டி வில்லாளிகளிடம் கொண்டுபோய் விட்டேன். பதினோரு மணிக்குள் முடிந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"மனசு வச்சு ஆடு. இன்னும் நேரம் இருக்கு, இன்னொரு ஆட்டம் போடலாம்" என்று பொம்மைகளை மறுபடி அடுக்கினார்.

அதனால் நன்றாகத் தோற்கக் கற்றுக்கொண்டேன். அவருக்குச் சந்தேகம் வராதபடி, கொஞ்சம் பயமும் காட்டி, கடைசியில் தோற்பது. அதற்கு ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, எழுந்திருக்க முடியாமல், "மூணு ரதம், ரெண்டு அஞ்சு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் மற்றப் பெண்கள் பூ வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போகிற பேச்சுக்குரல் ஜன்னல் வழியாக வரும்.

அவர் கெட்டவரில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, சம்பளத்தைக் கையில் கொடுப்பார், எனக்குக் காய்ச்சல் வந்தால் சமைப்பார். அதனாலேயே யாரிடமும் புகார் சொல்ல முடியவில்லை. 'என் வீட்டுக்காரர் என்னைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார், பொம்மைச் சண்டைக்கு' என்று யாரிடம் போய் அழுவது?

என் அக்கா செம்பூரில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அத்திம்பேரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலைத் திறந்தால் அவர்கள் நிற்கிறார்கள், ஹாலில் சிரியா நிற்கிறது. அவர் எழுந்து "வாங்கோ, வாங்கோ" என்று கும்பிட்டார். ஆனால் பலகையை எடுக்கவில்லை.

"இப்போ கலைக்க முடியாது. முகாமைச் சுத்தி வளைச்சாச்சு" என்றார் அத்திம்பேரிடம், அவருக்குப் புரிந்துவிடும் என்பது போல.

அக்காவும் குழந்தைகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். அத்திம்பேர் வெளி வராந்தாவில் நின்றபடியே காபி குடித்தார். சின்னவன் ஒரு ரதத்தைத் தொட்டான். அவர் பதறிப்போய் அவன் கையைப் பிடித்தார். அரை மணியில் கிளம்பிவிட்டார்கள். படியிறங்கும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே நீயே வா. நாங்க வரலை."

எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமை தவிர அவளுக்கும் ஒழிவில்லை, எனக்கும் தனியாக வெளியே போகச் சாக்கில்லை.

அக்கா வந்துபோய் இரண்டு வருஷம் கழித்து என்னை விடுவித்தவர் ஒரு புதுக் குமாஸ்தா. இவருடைய செக்ஷனில் சேர்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் ஒரு அறையில் குடித்தனம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவர் ரிப்போர்ட்டில் நல்லபடி எழுதினால்தான் ஆகும். ஆபீஸில் ஒருநாள் பேச்சுவாக்கில் பழைய யுத்தங்களைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார். அந்த ஞாயிறே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். என் இடத்தில். பச்சைப் படை அவர் பக்கம் போனது.

எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அடுத்த வாரமே காலையில் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, "அக்காவாத்துக்குப் போயிட்டு வரேன்" என்றேன். இவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. குர்லாவில் வண்டி மாறி செம்பூரில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. அக்காவோடு காய் நறுக்கினேன், பெரியவளுக்குத் தலை பின்னினேன், மத்தியானம் தூங்கினேன். கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, தலைக்கு மேல் எதுவும் இல்லாமல். அப்படியே பல மாதம் போயிற்று. வீடு திரும்பும்போது அந்தக் குமாஸ்தா போயிருப்பார். இவர் உற்சாகமாக அன்றைய வெற்றியைச் சொல்வார்.

"நல்ல பையன். ஆனா ரதத்தை எப்பப் பாயவிடணும்னு தெரியலை" என்பார். நான் தலையாட்டுவேன்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏறிய வண்டி அடுத்த ஸ்டேஷனான சயானோடு நின்றுவிட்டது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், இனி போகாது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கேயே வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மாதுங்கா வரை நனைந்துகொண்டே நடந்து வந்தேன். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் இரண்டாவது திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. புடவை முழங்கால்வரை ஈரம். மடியில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்லக்கா. சும்மாதான் இருக்கேன். எங்க வீட்டுக்காரக மேல ஆபீஸ் வேலையா வந்திருக்காக."

"எந்த வீட்டுக்கு?"

அவள் எங்கள் கதவைக் காட்டினாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறதாம். ஹிந்தி தெரியாது. அறையில் தனியாக இருந்தபோது ஒருநாள் யாரோ குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்க மாட்டேன் என்று அழுது புருஷனோடு வந்துவிடுகிறாள். முதலில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளாம். மழை தொடங்கிய பிறகு இந்தப் படிக்கட்டு. நான் காலையிலேயே கிளம்பிப் போய் இருட்டிய பிறகு வருவதால் பார்த்ததில்லை.

"மேல வந்திருக்கலாமே?"

"ஆபீசர் வீட்டுக்குப் பொஞ்சாதியக் கூட்டிட்டு வந்தா மரியாதையா இருக்காதுன்னாக. வேலை முடியதுக்கு சாயந்திரம் ஆயிருமாம்."

அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே எங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து பலகையில் பகடை உருளும் சத்தம் கேட்டது. எனக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் இவள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குமேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. அவள் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்ததும் குமாஸ்தா துள்ளி எழுந்தார். அவர் முழங்கால் பட்டுப் பலகை ஆடியது. "பாத்து! பாத்து!" என்று என் கணவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் பொம்மைகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இதா ஆபீஸ் வேலை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

என் கணவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல், அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். "இது எகிப்து ராஜா. இவரைப் பாரோன்னு சொல்லுவா."

"பார்வோனா?" அவள் முகம் தெளிந்தது. "எங்க கோயில்ல வேதாகமம் வாசிக்கையில சொல்லுவாகளே. அவன் கடல்ல முங்கிச் செத்தவம்லா?"

"அது வேற பாரோ" என்றார் இவர் அவசரமாக.

நான் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். காபி போட்டு இரண்டு பேருக்கும் கொடுத்தேன். பிறகு இவரிடம் சொன்னேன்: "இவாளை அனுப்பிடுங்கோ. மழை இன்னும் வலுத்தா தாராவியில தண்ணி நிக்கும்."

"சண்டை நடுவுல இருக்கு."

"நடுவுல ஆள் மாறக்கூடாதுன்னு ரூல்ஸ்ல இருக்கா?"

அவர் விதிகளை மதிக்கிற மனிதர். நிஜமாகவே யோசித்தார். "இல்லை" என்றார்.

"அப்போ நான் உக்காந்துக்கறேன்."

குமாஸ்தா கிளம்பவில்லை. மேலதிகாரி வாயால் சொல்லட்டும் என்று கைகட்டி நின்றார். அந்தப் பெண் வாசலில் நின்றாள். கடைசியில் இவர், "போங்கோ, நனையாம போய்ச் சேருங்கோ" என்றார். வாசலில் அந்த மனிதர் என்னிடம், "மேடம், நாளைக்கு ஆபீஸ்ல ஏதாச்சும்..." என்று இழுத்தார். "நான் பாத்துக்கறேன்" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

ஈரப் புடவையோடு என் பழைய இடத்தில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தேன். பச்சை ரதங்கள் பெரும்பாலும் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில் சும்மா நின்றன. ஈட்டிக்காரர்களைச் சிறுசிறு கூட்டமாக வில்லாளிகளின் முன்னால் குமாஸ்தா கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அந்தத் தோல்வியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் எப்படித் தோற்றேனோ அதே மாதிரி. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

அன்று நான் தோற்கவில்லை. நின்றுகொண்டிருந்த அத்தனை ரதங்களையும் நதியைத் தாண்ட வைத்தேன். சாலையில் வரிசையாக வந்துகொண்டிருந்த சிவப்புப் படையின் விலாவில் அவை மோதின. பகடைகளை இரண்டு கையிலும் அள்ளிப் போட்டேன். ஆறும் ஐந்துமாக விழுந்தன. பாதிப் படை போயிற்று. மிச்சத்துக்கு அவர் தைரியப் பகடை போட்டார், இரண்டு. ஓட்டம். ஓடிய வழியிலேயே துரத்திக்கொண்டு அரசனின் முகாமுக்குள் என் ரதங்கள் நுழைந்தன. அவர் மெய்க்காவல் ரதங்களைத் திருப்பினார். பகடை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. மூன்று மணி இருக்கும், எகிப்து அரசனின் ரதத்தை நாலு பக்கமும் பச்சை சூழ்ந்துவிட்டது.

"தெய்வ அருள் இருக்கு" என்றார்.

"காலையில ஆயிடுத்தா, இல்லையா?"

அவர் பொய் சொல்ல மாட்டார். "ஆயிடுத்து" என்றார். குமாஸ்தாவோடு ஆடும்போது ஒரு சின்ன விஷயத்துக்காக அதைச் செலவழித்திருக்கிறார். ஜெயிப்பது நிச்சயம் என்கிற தெம்பு.

பகடையைக் கையில் வைத்துக்கொண்டு போடாமலே இருந்தார். பிறகு திடீரென்று பேச ஆரம்பித்தார். எகிப்தில் அவர் இருந்தது பாலைவனத்தில் ஒரு தகரக் கொட்டகை. டின்களும் பூட்ஸுகளும். வேலி தாண்டிப் போக அனுமதி கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேல் அதே கொட்டகை. ஒரே ஒரு முறை லீவு கொடுத்து லாரியில் ஏற்றி ஒரு பெரிய கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சுவரில் செதுக்கியிருந்தது. ரதத்தில் ராஜா தனியாக, சுற்றி எங்கே பார்த்தாலும் எதிரிகள்.

"ஒருத்தன்கூடத் துணைக்கு இல்லை. சுத்தி வளைச்சுட்டா. ஆனா வெளியில வந்துட்டான்" என்றார். "அதைப் பாத்துட்டு மறுபடி கொட்டகைக்கு வந்தேன்."

நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சுகளில் அதுதான் நீளம். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இன்னொரு முறை போடுங்கள், அருள் இன்னும் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் இதே நாற்காலிதான். எனக்கோ, படிக்கட்டில் உட்காரும் இன்னொருத்தியின் புருஷனுக்கோ.

"போடுங்கோ" என்றேன்.

போட்டார். இரண்டு.

"இப்படி நடக்கலை" என்றார் மெதுவாக. "அவன் தப்பிச்சுட்டான். சரித்திரத்துல இருக்கு."

"நடந்தபடியேதான் நடக்கணும்னா பகடை எதுக்கு?"

அவர் அரசனை ரதத்தோடு எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாதம் போடறயா?" என்று கேட்டார். சமையலறையில் உட்கார்ந்து ஆறிப்போன ரசத்தைச் சாப்பிட்டோம்.

மறுநாள் முழுக்க, அந்த மனிதருக்கு ஆபீஸில் என்ன ஆயிற்றோ என்று ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சாயங்காலம் இவர் வந்து குடையை விரித்து வைத்தார். முகம் கழுவினார். தட்டைப் போட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பையனை இனிமே ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னுட்டேன்."

"கோபமாவா?"

"சாதாரணமாத்தான் சொன்னேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். அவனுக்கும் பிடிச்சிருக்குன்னுதான் நான் நெனச்சிண்டிருந்தேன்."

அந்த மனிதரின் வேலை அந்த வருஷமே நிரந்தரமாயிற்று. அதில் இவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் மறுபடி ஹிட்டைட் அரசன். மத்தியானம்வரை ஆடுவேன், அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் சரியாக நான் எழுந்திருக்கும்போது, "போகணுமா?" என்று கேட்பார். தடுக்க மாட்டார், கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிச் செருப்பு மாட்டிக்கொள்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். நான் போன பிறகு இரண்டு பக்கத்துக்கும் அவரே பகடை போட்டு ஆடுவார் என்று தெரியும். அக்கா வீட்டில் படுத்துக்கொண்டாலும் அந்தச் சத்தம் காதில் இருக்கும். சில ஞாயிறுகளில் போகாமலே இருந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு ஞாயிறு அந்தப் பெண் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாராவியிலிருந்து ஒரு ஆளிடமும் வழி கேட்காமல் வந்ததாகப் பெருமையாகச் சொன்னாள். கர்ப்பமாக இருந்தாள். தாதரில் போய்த் துணி எடுக்க வேண்டும், ஹிந்தி பேச ஆள் வேண்டும், நீங்கள் வர முடியுமா என்று கேட்டாள்.

இவர் பலகையிலிருந்து நிமிர்ந்து, "போகணுமா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை, என் ஹிந்தியும் அரைகுறைதான். தாதர் கடைக்காரன் விலையைச் சொன்னதும் நான் பாதி விலையைச் சொல்ல நினைத்து, அவன் கேட்டதைவிட அதிகமாகச் சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்த அளவுக்கு ஹிந்தி எண்கள் அவளுக்குத் தெரிந்திருந்தன. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. துணி வாங்காமலே வெளியே வந்து, ஸ்டேஷன் பாலத்துக் கூட்டத்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, போகிறவர்கள் இடித்துத் தள்ள, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு, "வேற கடை பாப்போமாக்கா?" என்றாள். பார்க்கப் போனோம்.